ஓட்டைப் பலகைக்கு வைத்த பொட்டு

என் அண்ணன் பேசுவது வீட்டில் எனக்கு மட்டும்தான் முழுசாகப் புரியும். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கைகள் உதறும், நாக்கும் சொன்னபடி கேட்காது. மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு யார் வந்தாலும், "என்னா சொல்றான்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். எனக்கு அவசரமென்றால் பாதியை முழுங்கிவிட்டு மீதியைச் சொல்வேன். அவன் முறைப்பான். போடா என்று போய்விடுவேன்.

எண்பதுகளின் கடைசியில், உடல் ஊனமுற்றவர்களுக்கான ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். டிவியில் மாட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை இரவலாகக் கொடுத்தார். அதன் விசைகளுக்கு மேலே ஒரு கெட்டிப் பலகை, எழுத்துக்கு ஓர் ஓட்டை. உதறுகிற கையைப் பலகையில் ஊன்றி ஓட்டைக்குள் விரலை விட்டால் அந்த ஓர் எழுத்து மட்டும் விழும். மூன்று மாதத்தில் ஒரு பக்கக் கடிதம் தானாக அடித்துக் காட்டினால் நிலையத்தில் இடம் உண்டு, பிறகு வேலையும் கிடைக்கும் என்றார்.

என் பள்ளிப் புத்தகங்களைப் பார்த்தே மலாய் படித்தவன் அண்ணன். இரண்டாவது வாரம் டிவியில் மலாயில் ஒரு வரி வந்தது. அப்பா வாசித்துச் சொன்னார்: எனக்குக் கஞ்சி பிடிக்காது. அம்மா அழுதேவிட்டார். "ஏன்டி, நீ சொல்லவே இல்லியே!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அவன் எத்தனையோ தடவை சொன்னான். வேறு சமைக்கச் சோம்பல்பட்டு நான்தான் சொல்லவில்லை.

மிஸ் திரும்பி வருவதற்கு நான்கு நாள் முன்னால் ஆயுத பூஜை. அப்பா தோட்டத்து லோரியைக் கழுவிச் சந்தனம் பூசி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அம்மா பால்மரம் வெட்டும் கத்திக்கும் பொட்டு வைத்தாயிற்று. அண்ணனுக்குச் சோறு போடப்போகிற மெஷினை மட்டும் விடலாமா? ஒவ்வோர் ஓட்டையிலும் சந்தனத்தைத் தொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கியதும் அண்ணன் கத்தினான். தண்ணி வேணாம் என்றான். தெளிவாகவே புரிந்தது, பாவி எனக்கு.

"சாமி காரியத்துல கத்தாத லா! எல்லாம் உனக்குத்தான!" என்று அதட்டிவிட்டு, மாவிலையை முக்கி முக்கித் தெளித்தேன்.

சாயங்காலம் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடிக் கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தோம். டிவியில் ஒன்றும் வரவில்லை. பலகையைக் கழற்றித் துடைத்தேன், விசிறினேன், மறுநாள் வெயிலில் காயவைத்தேன். உயிர் வரவில்லை. நான்கு நாளும் அண்ணன் என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

மிஸ் வந்த நேரம் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். "என்னப்பா ஆச்சு?" என்று அண்ணனைத்தான் கேட்டார். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இழுத்து இழுத்துச் சொன்னான். மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"டீ குடிக்கிறப்ப அவன் கை தட்டி மெஷின் மேல ஊத்திடுச்சாம், மிஸ்."

அவன் சொன்னதை அன்றுதான் ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

"அங்க எல்லாமே மெஷின்தான். இப்படி ஊத்திட்டா எப்படிலா அனுப்புறது?" என்றார் மிஸ். கம்ப்யூட்டரையும் ஓட்டைப் பலகையையும் பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான், மிஸ்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கார் தார் ரோட்டில் ஏறும் வரைக்கும் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.