தண்ணீர் கூட்டிய சேறு

அந்தச் சுரங்க மேனேஜரின் ஷூவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பளபளவென்ற கறுப்பு ஷூ. மும்பை செம்பூரில் எங்கள் சோதனைக் கூடத்தில், மேஜைமேல் நின்ற சேற்றுக் குவியலில் தன் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கிளறினார். அசையாமல் நின்ற குவியல் சரிந்து, மேஜை விளிம்பைத் தாண்டி, அந்த ஷூமேல் வழிந்தது. நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை.

மேடம்தான் எங்கள் கூடத்துக்குத் தலைமை. மாட்டுங்காவில் வீடு, பாலக்காட்டுக் குடும்பம். நான் தாராவி. சுரங்கத்தில் கல்லை அரைத்து உலோகத்தை எடுத்த பிறகு மிஞ்சும் சேறு எங்களுக்கு டிரம்மில் வரும். எவ்வளவு கெட்டியாக்கினால் அது குழாயிலும் ஓடும், கொட்டிய இடத்திலும் நிற்கும் என்று பார்ப்பது எங்கள் வேலை. அடியில்லாத டப்பாவில் சேற்றை நிரப்பி, டப்பாவை மேலே உருவுவோம். குவியல் எவ்வளவு தாழ்கிறது, எவ்வளவு பரவுகிறது என்று அளப்போம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சேற்றைத் தேக்கக் கரை கட்டியிருப்பார்கள். அது உடைந்தால் கெட்டிச் சேறு அதிகம் நகராது. நீர்த்தது ஆள்மேல் பாயும். ஆனால் கெட்டியைத் தள்ளப் பெரிய பம்ப் வாங்க வேண்டும். அதற்குத்தான் எவனுக்கும் மனசு வராது.

"தோடா தண்ணி, கொஞ்சூண்டு விட்டாப் போதும் மேடம், இருக்கிற பம்ப்பே தள்ளிடும்" என்றார் மேனேஜர். தாணேயில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"நான் கெட்டிக் குழம்பா வெச்சுக் குடுத்தா நீங்க ரசமாக்கிண்டு போறேளே! கரைக்குக் கீழே யார் இருக்கா?"

"லேபர் குவார்ட்டர்ஸ். கரை பக்கா ஸ்ட்ராங், டென்ஷன் ஆகாதீங்க."

"உங்க ஷூகிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்கோ."

அவர் சிரித்தபடி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு போனார். தண்ணீர் கூட்டக் கூடாது என்று மேடம் அறிக்கை கொடுத்தார். அவர்கள் வேறொரு கூடத்துக்குப் போய் வேண்டிய பதிலை வாங்கிக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் அதற்கும் கடை இருக்கிறது.

மழையில் கரை உடைந்தது. குவார்ட்டர்ஸ் போயிற்று. எதிர்பாராத மழை என்றார்கள். மழைக்காலத்தில் மழை பெய்வதை எதிர்பார்க்காதவர்களாம்!

பிறகு, அள்ளித் திரும்பக் கொட்ட அளவு கேட்டு, குவார்ட்டர்ஸுக்குள் கிடந்த சேற்றையே சுரங்கக்காரர்கள் எங்களுக்கு அனுப்பினார்கள். எந்தச் சேறு வந்தாலும் முதலில் சலிப்போம். கல்லும் குச்சியும் தங்கும், எறிந்துவிடுவோம். அன்றும் அப்படியே சல்லடையில் அள்ளிப் போட்டுத் தேய்த்தேன். புழுங்கலரிசி தங்கியது. உடைந்த சீப்பு. பால் பாட்டில் ரப்பர்.

"மேடம், இத எங்க போட?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போடாதே. டிரம்மை மூடு. இது போலீஸ்காரா எடுத்துண்டு போக வேண்டியது."

கூடத்து முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. சுரங்கப் பார்ட்டி காத்திருக்கிறது என்றார். மேடம் கை கழுவிக்கொண்டு வெளியே போனார். அப்புறம் வரவேயில்லை. மிச்சத்தை வேறொருவன் சலித்தான். அறிக்கையும் போயிற்று. அதில் அரிசி இல்லை.

மேடம் இறந்துவிட்டார். கூடம் இப்போது என் பொறுப்பில். அந்தச் சுரங்கம் புதுக் கரை கட்டிவிட்டது, அதன் கீழே புதுக் குவார்ட்டர்ஸும் வந்துவிட்டது. போன வாரம் அங்கிருந்து டிரம் வந்தது. சலித்தேன். கல் மட்டும்தான் தங்கியது. அதற்கே நிம்மதியாகிவிடுகிறது எனக்கு. வெட்கங்கெட்ட நிம்மதி.