தேவசகாயம் சாரின் வாசனையில்லாத வீடு

காண்ட்ராக்டர் தொழிலில் கட்டடம் என்றைக்காவது ஒருநாள் முடிந்துவிடும். யோசனை சொல்ல வருகிறவர்கள் மட்டும் முடிவதே இல்லை. சொந்த வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மணல் வந்து இறங்கிய அன்றைக்கே மாமன் மச்சான் எல்லாரும் இன்ஜினீயர் ஆகிவிடுவார்கள். நகரியில் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்து, தறிச் சத்தம் பிடிக்காமல் சித்தூருக்கு வந்து வீடு கட்ட ஆரம்பித்தவன் நான். எழுபதுகளின் நடுவில் கட்டிய இந்த ஒரு வீடு, அஸ்திவாரம் தொடங்கிக் கடைசி நாள் வரை என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரே ஒரு கண்டிஷன்

தேவசகாயம் சார் சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். அவர் மனைவி எஸ்தர் டீச்சருக்கும் அங்கேதான் வேலை. ஒரே பெண் சுகிர்தா, நாலாம் வகுப்பு. அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பண்டிகைக்கு என்று சுவரெல்லாம் புது பெயிண்ட் அடித்தார். அன்று சாயந்திரமே பெண்ணுக்கு மூச்சு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பெயிண்ட் நெடி, தூசி, ஈரச் சுவர் மூன்றும் அவளுக்கு ஆகாது, இன்னொரு தடவை இதே மாதிரி வந்தால் குழந்தை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சார் மனையைக் காட்டினார். நான் வழக்கம்போல சிமெண்ட், டிஸ்டெம்பர், ஜன்னலுக்கு என்ன கலர் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கணக்கு வாத்தியார் இல்லையா, சுற்றி வளைக்கவில்லை.

"வேலு, எனக்கு அழகு வாணாம். மழைக்காலம் வரத்துக்குள்ள என் பொண்ணு உள்ள படுத்து மூச்சு வுடற மாரி நாலு சுவரு வேணும்."

பலமனேரிலிருந்து வந்த மூட்டை

டீச்சருடைய தம்பி சாமுவேல், பலமனேரில் உரமும் பூச்சி மருந்தும் விற்பவர். அக்காமேல் உயிர். அஸ்திவாரக் குழி வெட்டியிருந்த சமயம், ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வேலை நடக்கிற இடத்துக்கே வந்தார். கரையான் வராமல் இருக்கக் குழி முழுக்க மருந்துப் பொடி தூவ வேண்டுமாம். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். அவர் மூட்டையைப் பிரித்ததுமே எனக்கு மூக்கு எரிந்தது. நான் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு, கொட்டுவதானால் என் தலையில் கொட்டுங்கள் என்றேன். கோபத்தில் சொன்னேனே தவிர, மனிதர் கொட்டிவிடுவாரோ என்று பயமாகத்தான் இருந்தது. கூலியாட்கள் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் பெண்ணோடு வந்தார். தூரத்திலேயே மூட்டையைப் பார்த்துவிட்டு, பெண்ணைத் தெருமுனையில் நிறுத்தி முந்தானையால் அவள் மூக்கைப் பொத்தினார். அடித்தளத்தின் மேல் சுற்றிலும் கடப்பா கல் பலகையைச் சுவரைவிட்டு வெளியே நீட்டிப் பரப்புகிறேன், கரையான் ஏறினால் அதன் மண்புற்று வெளியே தெரியும், துடைப்பத்தால் தட்டிவிடலாம் என்று நான் கத்தினேன். சாமுவேல் கேட்கவில்லை. தன் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்கு இதே மருந்தைத் தன் கையாலேயே தூவுவதாகவும், செடி தளதளவென்று நிற்பதாகவும் சத்தியம் செய்தார். டீச்சர் தெருமுனையிலிருந்தே பதில் சொன்னார்.

"மல்லாட்டைக்கு இழுப்பு வராதுடா தம்பி. மூட்டைய எட்துக்கினு அடுத்த பஸ்ஸ பிடி."

காயாத சுவர்

சுண்ணாம்புக் காரையில்தான் கட்டுவது என்று முடிவு செய்தோம். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு. நெடி கிடையாது. ஆனால் இயற்கைப் பொருள் என்றால் எல்லாம் சாது என்று நினைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது கிளம்புகிற ஆவியும் பொடியும் நல்ல நுரையீரலையே பதம் பார்க்கும். அது முடிகிறவரை சுகிர்தா அந்தத் தெருப் பக்கமே வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். அடுத்த தலைவலி, காரை காய்வது. சிமெண்ட் மாதிரி இல்லை, சாவகாசமாகத்தான் காயும். ஆடியில் பூசினோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ஈரச் சுவர்தான். ஈரச் சுவர் ஆகாது என்று டாக்டர் சொன்னது ராப்பகலாக என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜன்னல், வாசல் எல்லாவற்றையும் திறந்து போட்டுக் காற்றைக் கும்பிட்டேன். சார் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து ஒவ்வொரு சுவரிலும் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். கையைவிடக் கன்னத்துக்கு ஈரம் நன்றாகத் தெரியும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒரு நாள் வடக்குச் சுவரில் கன்னத்தை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பினபோது கண் கலங்கியிருந்தது. இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு ரெட்டிகாரு வெல்லம் வந்து இறங்கிய நாளிலிருந்தே எங்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். சுவருக்கு முத்தம் கொடுத்தால் வீடு காய்ந்துவிடுமா என்று மதில்மேல் எட்டிப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்.

"கோடகி முத்து பெட்டுகுண்டே இல்லு ஆருதுந்தா, மாஷ்டாரு?"

திருப்பதிக் கடையில்

சுகிர்தாவைத் திருப்பதியில் பெரிய டாக்டரிடம் காட்டப் போனார்கள். கூரைச் சாமான் பார்க்க நானும் கூடப் போனேன். டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு கடையில் ஏறினோம். ஓடு போடுவதைவிட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதான் லேசு, இரண்டே நாளில் போட்டுவிடலாம் என்று கடைக்காரர் பேசிக்கொண்டே போனார். மழை நெருங்குகிற பயத்தில் எனக்கே சபலம் தட்டியது. அளவு காட்டுவதற்காக ஒரு ஆளைக் கூப்பிட்டு, அங்கேயே ஒரு ஷீட்டை ரம்பத்தால் அறுக்கச் சொன்னார். வெள்ளை வெளேரென்று தூள் பறந்தது.

பெண் முதலில் இருமினாள். அப்புறம் இருமல் நின்று, மூச்சு உள்ளே போகாமல் தோள் மட்டும் ஏறி இறங்கியது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். டீச்சர் பையைக் கவிழ்த்து மாத்திரை தேடினார். பெண்ணின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. சாமியார்கள், பூக்காரிகள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தார்கள். மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. கடைக்காரர் வெந்நீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றிருந்தார். வியாபாரிக்கு வராத வார்த்தை அவர் வாயில் வந்தது.

"சார், உங்க பொண்ணுக்கு நான் ஷீட்டு விக்க மாட்டேன். எதிர்க்க கீற கடையில மங்களூர் ஓடு கீது, அங்க போங்க."

வாலிபர் சங்கத்தின் அன்பளிப்பு

ஓடு போட்டாயிற்று. புரட்டாசிக் காற்றில் வடக்குச் சுவரும் காய்ந்துவிட்டது. வேப்ப மரக் கதவு, ஜன்னல்களுக்குப் பெயிண்ட் இல்லாமல் ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்த்து, அந்த வாடையும் போகட்டும் என்று வாரக்கணக்கில் வெயிலில் போட்டு எடுத்து மாட்டினேன். நம் கிரகப்பிரவேசம் மாதிரி அவர்களுக்கு வீட்டுப் பிரதிஷ்டை, அதற்குச் சனிக்கிழமை குறித்தார்கள். சர்ச் சபையே வரும், பிரியாணிக்குச் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் நிம்மதியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். தெருவில் திரும்பும்போதே நெடி மூக்கில் ஏறியது.

சபை வாலிபர் சங்கத்துப் பையன்கள் கைக்காசு போட்டு எனாமல் பெயிண்ட் வாங்கிவந்து, பாட்டுப் பாடிக்கொண்டே கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் பச்சை அடித்திருந்தார்கள். பிரதிஷ்டைக்குப் போகிற வீடு வெறும் மரமாக நின்றால் சபைக்கே மரியாதை இல்லை என்று நினைத்தார்களாம். வாத்தியாருக்குத் தெரியாமல் செய்த அன்பளிப்பு. ஒவ்வொருத்தனும் அவரிடம் கணக்குப் படித்தவன். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இங்கே எழுத முடியாது. விஷயம் புரிந்ததும் சங்கச் செயலாளர் தாமஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்லவேளை, நிலைச்சட்டங்களில் இன்னும் தூரிகை படவில்லை. கதவையும் ஜன்னலையும் கீலோடு கழற்றுங்கடா என்றேன். ஈரப் பெயிண்ட் சட்டையெல்லாம் அப்பிக்கொள்ள, அத்தனையையும் சுமந்துபோய்ச் சர்ச் வளாகத்தில் சாத்தினார்கள். தரையை மூன்று தடவை கழுவினோம். கதவில்லாத வீட்டில் எப்படி ராத் தங்குவார்கள் என்று கேட்டேன். தாமஸ் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னான்.

"நெடி போற வரைக்கும் வாசல்ல நாங்க முறை வச்சிப் படுத்துக்கறோம்ண்ணா. கதவுக்குப் பதிலு நாங்க."

பிரதிஷ்டை

பாஸ்டரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் வாசலில் ஜெபம் செய்து சாவியால் கதவைத் திறக்க, குடும்பம் பின்னால் நுழையும். வீட்டுக் குழந்தை பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கும். இது முறை. அன்றைக்கு ஐயர் கையில் சாவி இருந்தது, திறக்கக் கதவுதான் இல்லை. சாவியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். டீச்சர் பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மாத்திரை அவருடைய இன்னொரு கையில். வாடை முழுக்கப் போய்விட்டதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூக்கு மரத்துப்போயிருந்தது.

சுகிர்தா கூடத்தின் நடுவில் நின்று வாசிக்க ஆரம்பித்தாள். முதல் வரியில் ஒரு இடத்தில் நிறுத்தினாள். சார் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். அவள் பக்கத்தைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள். ஒரு வரி, இன்னொரு வரி. குரல் கரகரக்கவில்லை, தோள் ஏறவில்லை. சமையல்காரர்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கடைசி வார்த்தையைச் சொல்லி நீளமாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள். சார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆமென் சொல்ல ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. ஐயர்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"சங்கீதத்தை இங்க ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் புள்ளையோட மூச்சத்தான் கேட்டுக்கினு இருந்தீங்க. நானும்தான்."

கதவே இல்லாமல் நான் சாவி ஒப்படைத்த வீடு அது ஒன்றுதான். ஒப்படைத்த பிறகு குறை சொல்லிக்கொண்டு யாரும் என்னைத் தேடி வராத வீடும் அது ஒன்றுதான்.