முப்பத்தைந்திலேயே நின்ற முகம்

பல் டாக்டர் குனிந்து கடைவாய்ப் பல்லை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவர் நெற்றியில் வியர்வை பூத்திருப்பது பவுடர் அண்ணன் கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவுதான். திறந்த வாய் திறந்தபடியே இருக்க, சட்டைப்பையிலிருந்து டிஷ்யூ காகிதம் வெளியே வந்தது; டாக்டரின் நெற்றியில் இரண்டு ஒற்று ஒற்றிவிட்டு மறுபடி பைக்குள் போய்விட்டது. “என்ன சார் இது?” என்றார் டாக்டர். அண்ணன் பேசும் நிலையில் இல்லை.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போன இடத்திலும் இதே கதைதான். வரிசையில் நின்ற ஆறு பேரையும் முகம் துடைத்து, காலரை நிமிர்த்தி, பொட்டை நேராக்கி உள்ளே அனுப்பிவிட்டு, கடைசியாகத் தான் போய் உட்கார்ந்தார். காதோரம் சவரம் விட்டுப்போன தாடியும் தூக்கக் கலக்கமுமாகத் தன் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் படத்தைப் பார்த்தால் எந்த நாடும் அவரை உள்ளே விடாது. தன் முகத்தைப் பற்றி அவருக்கு அக்கறையே கிடையாது.

அக்கறையெல்லாம் இன்னொரு முகத்தின் மேல். முப்பத்திரண்டு வருடமாக அவர் மேக்கப் போடுவது ஒரே ஒரு நடிகருக்குத்தான். சுவரொட்டிகள் அந்த நடிகரை ‘அதிரடி’ என்கின்றன. ஒரு காலை வீசினால் இருபது பேர் பறப்பார்கள். கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து குதிப்பார். குதித்த பிறகு தலை கலைந்திருக்காது. அந்தக் கலையாத தலைதான் பவுடர் அண்ணனின் வாழ்நாள் சாதனை. உச்சியில் ஒட்டு முடி, மீதி முடிக்குச் சாயம், கன்னம் தொங்காமலிருக்கக் காதுக்குப் பின்னால் இழுத்து ஒட்டும் டேப், கண்ணுக்குக் கீழே இரண்டு பூச்சு. அந்த முகத்தின் நிஜமான நிலவரம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர்: நடிகர், நடிகரின் மனைவி, பவுடர் அண்ணன். இதில் மனைவிக்குக்கூட டேப் விஷயம் பாதிதான் தெரியும் என்பது அண்ணனின் பெருமை.

அண்ணனுக்கும் நடிகருக்கும் ஒரே வயது, அறுபத்து நாலு. ஆட்கள் இருந்தால் அண்ணன் அவரை ‘சார்’ என்பார். மேக்கப் வேன் கதவு சாத்திக்கொண்டதும் ‘நீ, வா, போ’தான். வீட்டில் அண்ணனின் மனைவி இந்த வயது விஷயத்தை விடாமல் குத்திக் காட்டுவார். டெலிபோன் நிலையத்தில் முப்பது வருடம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். வாய் அவருக்கு ஓய்வு பெறவில்லை. “உங்களுக்கு மட்டும் வயசு ஏறிக்கிட்டே போகுது, அவர் முப்பத்தஞ்சுலயே நிக்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே வயசுன்னா எவன் நம்புவான்?” என்பார். தன் முகத்தில் ஒரு நாளாவது புருஷன் பவுடர் போட்டதுண்டா என்ற வழக்கும் நிலுவையில் இருக்கிறது.

ஆனால் ஊருக்கு அந்த அதிரடி அலுத்துவிட்டது. கடைசி நான்கு படங்களிலும் அதிரடி உதைத்தபோது அடியாட்கள் பறந்தார்கள். தியேட்டரில் யாரும் பறக்கவில்லை. மூன்றாவது படத்தில் அவர் ரயிலைத் தாண்டிக் குதித்த இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். வேனில் திரும்பும்போது நடிகர் ஜன்னல் திரையை இழுத்து விட்டார். அண்ணன் டேப்பை உரித்து எடுத்தார்.

அப்போதுதான் அந்த டைரக்டர் பெண் ஒரு கதையோடு வந்தாள். வயது முப்பத்தொன்று, நடிகரின் மகளைவிட இரண்டு வயது சின்னவள். குற்றக் கதை, ஆனால் இவர்கள் பார்த்துப் பழகிய குற்றம் அல்ல. ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர், பக்கத்து வீட்டுப் பெண் காணாமல் போன வழக்கைத் தானாகத் துருவிக்கொண்டு போகிறார். ஊரெல்லாம் மழை, தெருவெல்லாம் இருட்டு. கடைசியில் குற்றவாளி, பல வருடத்துக்கு முன்பு இவரே சோம்பலில் விட்டுவிட்ட ஆள் என்று தெரிகிறது. அண்ணன் கதை கேட்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சண்டை எத்தனை? ஒன்று இருக்கிறது என்றாள் அவள். யாரை அடிக்கிறார் என்றார். அவரைத்தான் அடிக்கிறார்கள் என்றாள்.

அண்ணனுக்கு அந்தப் படமே பிடிக்கவில்லை. பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, ஒரே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அதையும் ஆட்டிவிட்டுக் கொண்டிருந்தார்கள். “ஒரே ஒரு பல்பு. அதுவும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. இதுல எவன் மூஞ்சி எவனுக்குத் தெரியும்?” என்று லைட் ஆட்களிடம் புலம்பினார். அதைவிடப் பெரிய இடி, அவருக்குக் கொடுத்த உத்தரவுதான். சாயம் கூடாது, ஒட்டு முடி கூடாது, டேப் கூடவே கூடாது. கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமையை மறைக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள் என்றாள். வீட்டை வெள்ளையடிக்கிறவனைக் கூப்பிட்டுக் கரி பூசச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

சொன்னதைச் செய்யாமலும் இல்லை. காலையில், முகம் எப்படி இருக்க வேண்டும் என்று டைரக்டர் சுவரில் ஒட்டிய போட்டோவைப் பார்த்துப் பார்த்து, கண்ணுக்குக் கீழே பழுப்பு நிறத்தைப் பதமாகத் தேய்ப்பார். வந்த வினை அதற்கப்புறம்தான். ஷாட்டுக்கு முன்னால் யாராவது ‘ரெடி’ என்று குரல் கொடுத்தால் போதும், அவர் கை அவரைக் கேட்காமலே கிளம்பிவிடும். முதல் வாரம், போலீஸ்காரர் வியர்த்து விறுவிறுத்து நிற்க வேண்டும் என்று நெற்றியில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அண்ணன் ஓடிப்போய் சுத்தமாக ஒற்றி எடுத்துவிட்டு, கடமை முடிந்த திருப்தியோடு திரும்பி வந்தார்.

அது போகட்டும். இரண்டாவது வாரம் மாடிப்படி விவகாரம். போலீஸ்காரர் மூச்சு வாங்க மாடி ஏறுவதை முற்பகலில் எடுத்தார்கள்; மேலே போய்ச் சேருவதைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தார்கள். இடையில் அண்ணன் ‘லேசாக’ ஒரு டச்சப் கொடுத்திருக்கிறார். மானிட்டரில் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால், படியில் கால் வைக்கும்போது அறுபத்து நாலு, மேல்படிக்கு வரும்போது ஐம்பது. டைரக்டர் இரண்டு தடவை பார்த்தாள். “அண்ணே, அந்த மாடி எங்க இருக்குன்னு சொல்லுங்க. எங்கம்மாவையும் ஒரு தடவை ஏத்தி இறக்கணும்,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரிக்கத்தான் பார்த்தார்.

அன்று மாலை அவள் தனியாகக் கூப்பிட்டு, மரியாதையாகவே சொன்னாள். மறுநாள் எடுக்கப் போவது இடைவேளைக் காட்சி. காணாமல் போன பெண்ணின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி நடைவழி பெஞ்சில் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு இல்லை, இசை இல்லை. இரண்டு நிமிடம் முகம் மட்டும், ஒரே ஷாட். படமே அந்த முகத்தில்தான் நிற்கிறது. அதனால் நாளைக்கு அவர் முகத்தை யாரும் தொட வேண்டாம், நீங்கள் வேனில் ஓய்வெடுங்கள். இதிலும் தவறு நடந்தால் மீதிப் படத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்பதையும், தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குப் போய் அண்ணன் சாப்பிடவில்லை. வேலை போகிறதே என்ற கவலை ஒரு பக்கம் இருந்தது. அதைவிட அவரை அரித்தது வேறு. அந்த முகத்தை அப்படியே திரையில் பார்த்தால் ஜனங்கள் அன்றைக்குச் சிரித்த மாதிரி சிரிப்பார்கள். அத்தோடு அந்த மனுஷன் தீர்ந்தான். முப்பத்திரண்டு வருடம் கட்டிக் காத்த முகத்தைப் பத்தடி உயரத்தில் தூக்கிக் காட்டப் போகிறார்கள், நான் வேனில் ஓய்வெடுக்க வேண்டுமாம் என்று பொருமினார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அவர் மூஞ்சில இருக்கற சுருக்கம் உங்க தப்பாலயா வந்துச்சு? அதுக்கு நீங்க ஏன் வெக்கப்படறீங்க?” என்றார். அண்ணன் அந்தக் கேள்வியோடேயே சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வேனில் நடிகர் தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, தொங்கிய கன்னம், கண்ணுக்குக் கீழே பை. இவரைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“பவுடரு, அந்த டேப்பை மட்டும் ஒட்டிடு,” என்றார். “இந்த லைட்டுல அவளுக்குத் தெரியாது.”

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார்.

“ரெண்டு நிமிஷம்பா. சண்டை போட்டா மூஞ்சிய எவன் பாக்கறான்? சும்மா உக்காந்திருந்தா பாப்பாங்கல்ல. எனக்கு உதறுது.”

மாடியிலிருந்து குதித்த மனுஷன் உதறுது என்று சொல்லி அண்ணன் கேட்டதில்லை. பெட்டியில் இரண்டு உருளை டேப் இருந்தது. இரண்டு நிமிட வேலை. இந்தப் படத்துக்கு முன்பு வரை, கேட்காமலே செய்துகொண்டிருந்த வேலை. ஆனால் இப்போது வாய்விட்டுக் கேட்கும்போதுதான், இத்தனை வருடம் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. சொந்த முகத்தோடு நாலு பேர் முன்னால் உட்காரவே பயப்படும் ஒரு ஆளை, தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே பூசிப் பூசி உண்டாக்கியிருக்கிறார்.

“டேப் தீந்துபோச்சு,” என்று சொல்லிவிட்டு, அங்கே நிற்க முடியாமல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். போகிற அவசரத்தில் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனது அவர் தப்புதான்.

ஷாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நடிகர் இருட்டு நடைவழியில் வந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கேமராமேன் விளக்கைப் போட்டார். டேப்பை ஒட்டத் தெரியாமல் நடிகர் விட்டுவிட்டிருந்தார். பெட்டியில் இருந்த மற்றதில் ஒன்றையும் விடவில்லை. முகம் முழுக்கப் பூச்சு; அது தாடையோடு நின்றுபோயிருந்தது. கழுத்து வேறொருவருடைய கழுத்தாக இருந்தது. புருவம் இரண்டையும் கன்னங்கரேலென்று தீட்டியதில் இடது புருவம் வலது புருவத்தைவிட அரை விரல் உயரத்தில் இருந்தது. இருபது பேரை ஒரே வீச்சில் சாய்த்த கைக்கு ஒரு கோடு நேராக வரவில்லை. இத்தனை வருடத்தில் தன் முகத்துக்கு அவர் தானே எதுவும் போட்டுக்கொண்டதில்லை.

டைரக்டர் நடிகரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பிப் பவுடர் அண்ணனைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நடிகர் மட்டும் மடியில் இருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. அந்தக் கோணல் புருவத்தைத் தான் தீட்டியதாக ஒப்புக்கொள்வது எந்த மேக்கப்காரனுக்கும் மானக்கேடு. மீதிப் படமும் போய்விடும். உண்மையைச் சொல்லிவிட்டால் தன் பெயர் தப்பும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவரின் தலை அப்புறம் நிமிராது.

“நான்தாம்மா,” என்றார் அண்ணன். “பழக்க தோஷம். கை சும்மா இருக்கல.”

டைரக்டர் அந்தப் புருவத்தையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடக் கை இப்படிக் கோணாது என்பது அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, மானிட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டார். முழங்கால் சத்தம் போட்டது. புருவத்தைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார், தாடையின் ஓரத்தை இரண்டு தடவை அழுத்தித் துடைத்தார். நடிகர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தபடி இருந்தார். பூச்சு போகப் போக, அறுபத்து நாலு வயது ஒன்றும் ஒளிக்காமல் வெளியே வந்தது.

“கிழவனாத் தெரியறனா?” என்றார் நடிகர், கண்ணைத் திறக்காமல், உதடு மட்டும் அசைய.

“தெரியற,” என்றார் அண்ணன். “நல்லாத்தான் இருக்க.”

கேமராமேன் ‘ரெடி’ என்று குரல் கொடுத்தார். எழுந்து நகர வேண்டிய அண்ணனின் கை அப்படியே மேலே கிளம்பிற்று. டைரக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடிகரின் நெற்றியில் ஒரு வெள்ளை முடி கலைந்து விழுந்திருந்தது. விரல் அதைத் தொட்டது, ஒதுக்கப் போனது, ஒரு கணம் நின்றது. பிறகு மேலே போய், பக்கத்திலிருந்து இன்னும் நாலு வெள்ளை முடியை இழுத்து, நெற்றியில் கலைத்து விட்டது.