பிடித்தவனுக்குத்தான் புறா

எங்கள் கூட்டத்தில் ஒருத்தனும் தான் கொடுத்த விலையை உள்ளபடி சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு மேற்கே புறாப் பைத்தியம் பிடித்தவர்கள் நாலு பேர் இருந்தோம். நான், என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த கூட்டாளி, ரைஸ்மில்லில் வேலை பார்த்த ஒருவன், எங்களில் மூத்தவர் ஒருவர். மூத்தவரின் தென்னந்தோப்பில் இருந்த சாளை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுவோம். அந்த வாரம் யார் என்ன வாங்கினான், எவ்வளவு அடித்துப் பேசினான் என்பதுதான் பேச்சு. பத்து ரூபாய் ஜோடியை ஆறு ரூபாய் என்பான். மற்றவன் வயிறு எரிய வேண்டும், அதற்குத்தான். வீட்டில் கேட்டால் மூணு ரூபாய் என்பான். கோயமுத்தூரிலிருந்து கூடையில் கொண்டு வந்தால் செக்போஸ்டில் மலையாளப் போலீஸ்காரர்கள் அரிசி கடத்துகிறோம் என்று நிறுத்தி, கூடையில் என்ன என்று “கொட்டயில் எந்தா?” எனக் கேட்டுக் கையை விடுவார்கள். கையில் கொத்து வாங்கிக்கொண்டு திட்டுவார்கள். அதையெல்லாம் சொல்லிச் சிரிப்போம். ஆனால் ஏமாந்த கதை மட்டும் எவன் வாயிலிருந்தும் வராது.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளியாள் புறா நம் கூட்டில் வந்து இறங்கினால் பிடித்தவனுக்குத்தான் புறா. நாலு பேரில் ஒருவனுடையது என்றால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அவன் கேட்டு வரும்வரை வைத்திருப்பதே கேவலம்.

என் கூட்டாளியிடம் ஒரு ஹோமர் ஆண் இருந்தது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் கூட்டுக்குத் திரும்பும் ஜாதி. சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை. வாளையாறிலிருந்து விட்டால் நாம் பஸ் ஏறுவதற்குள் வீடு வந்து சேரும். ஒரு நாள் அவனே வந்து, “பங்காளி, உனக்குன்னா தர்றேன். எழுபது ரூவா” என்றான்.

“பெட்டை எங்கடா?”

“பெட்டையத்தான் பருந்து அடிச்சுட்டுப் போயிருச்சே. ஒத்தையா கெடந்து ஏங்குது. பாவமா இருக்குது.”

என்னிடம் எழுபது ரூபாய் இல்லை. என் மனைவியிடம் இருந்தது. இரண்டு கிடாக்குட்டிகளை ஒன்றரை வருஷம் தழை ஒடித்துப் போட்டு வளர்த்து விற்ற பணம். கொழிஞ்சாம்பாறையில் ஒரு தையல்காரர் பழைய மிஷினை விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு வைத்திருந்தாள். இந்தப் புறாவின் குஞ்சு ஜோடி முப்பது ரூபாய்க்குப் போகும், ஆடி மாசத்துக்குள் உன் பணம் உன் கைக்கு வரும் என்று சொன்னேன்.

“ஏனுங்க, நெசமாத்தானா?”

“அவன் என்னை ஏமாத்துவானா?”

எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாளையில் புறாவைக் காட்டி, ஐம்பதுக்கு முடித்தேன் என்று பீற்றினேன். மூத்தவர் புறாவை வாங்கி இறக்கையை விரித்துப் பார்த்தார். “நல்ல வெலை தம்பி” என்றார். ரைஸ்மில்காரன், “உனக்கு எங்கியோ மச்சம் இருக்குதுடா” என்றான். என் கூட்டாளி தரையைப் பார்த்துக்கொண்டு பீடி பிடித்தான். விலையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று கூச்சப்படுகிறான் என நினைத்தேன்.

வாங்கின ஹோமரை உடனே திறந்துவிடக் கூடாது. இறக்கையில் நூல் கட்டி அடைத்து வைத்து, வேறு பெட்டையோடு சேர்க்க வேண்டும். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டால் அது நம் வீட்டுப் புறா. எல்லாம் செய்தேன். இடையில் கூண்டுக் கதவு விழுந்து அதன் வலது காலில் நடு நகம் போய்விட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். பெற்ற பிள்ளைக்கு அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு குஞ்சும் பொரித்தது.

நூலை அவிழ்த்துவிட்டேன். இரண்டு வட்டம் போட்டது. நேரே அவன் வீட்டுப் பக்கம் போனது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். “இங்க வரலியே பங்காளி” என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பி, தோட்டம் தோட்டமாகத் தேடினான். ஒரு வேலியடியில் கிடந்த இறகுகளைக் காட்டி, “வல்லூறு அடிச்சிருக்குது பாரு” என்றான். என் வீட்டுக்கு வந்து, என் மனைவி போட்ட சோற்றைத் தின்றான். “மனசத் தளர உடாத தங்கச்சி” என்று அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னான். குஞ்சு ஒன்று செத்தது. மற்றதைப் பூனை தின்றது. ஆடியும் போனது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கடைக்காரப் பையன் ஒருவன் புதிதாகச் சாளைக்கு வந்தான். அப்போதுதான் கல்யாணமானவன். துணி மூடின கூடையைத் திறந்தான். சாம்பல் உடம்பு, இரண்டு பட்டை. வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். நடு நகம் இல்லை.

“யார்கிட்ட வாங்கினே?”

“அண்ணங்கிட்டத்தானுங்க” என்று என் கூட்டாளியைக் காட்டினான். “அம்பத்தஞ்சு ரூவா. பெட்டைய பருந்து தூக்கிட்டுதாமா. இல்லீன்னா தருவாரா?”

நான் கூட்டாளியைப் பார்த்தேன்.

“இது என்னோட புறாடா.”

“எங்கூட்டுல வந்து எறங்குச்சு. பிடிச்சவனுக்குத்தான் புறா” என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அது வெளியாளுக்குச் சொன்னது.”

“காசு கொடுத்து வாங்குனவன் வெளியாள்தானே?”

இதன் பழைய பெட்டை செத்திருந்தால் குஞ்சை விட்டுவிட்டு இது திரும்பிப் போகாது. பெட்டை அவன் வீட்டில்தான் இருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் சட்டையைப் பிடித்தேன். மூத்தவர் எழுந்து வந்து என் கையை எடுத்துவிட்டார்.

“உடு தம்பி. ரண்டு வருசத்துக்கு முந்தி நானும் இதையேதான் வாங்குனேன். நெலைச்சப்புறம் உங்களுக்குக் காட்டலாம்னு இருந்தேன், பத்தே நாள்ல போயிருச்சு.”

“எனக்கு ஒரு மாசம் இருந்துச்சு” என்று ரைஸ்மில்காரன் சிரித்தான்.

“அப்ப நான் வாங்குனன்னைக்கு ஏன் வாயத் தொறக்கல?”

“நீ அவ்வளவு சந்தோசமா பீத்திக்கிட்டிருந்தே. அதுல எதுக்கு மண்ணள்ளிப் போடோணும்?” என்றார் மூத்தவர்.

ரைஸ்மில்காரன் உண்மையைச் சொன்னான். “நாங்க மட்டும் இளிச்சவாயனுகளாவே இருக்கோணுமா? நீயும் ஒருக்கா இருந்து பாரு.”

ஒருவன் திருடினான். அதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. மற்ற இரண்டு பேரும் தெரிந்தே என் புறாவின் இறக்கையை விரித்துப் பார்த்து, நல்ல விலை என்று சொன்னார்கள். அதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

சைக்கிள் கடைக்காரனிடம், “தம்பி, இது நிக்காது. இப்பவே பணத்தத் திருப்பி வாங்கிக்கோ” என்றேன். அவன் புறாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“உங்ககிட்டத் தங்கலீன்னு பொறாமைங்களா?”

நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வல்லூறு அடிக்கவில்லை என்றதும் அரிசி களைவதை நிறுத்தினாள். “எங்கையாலதானே சோறு போட்டேன் அந்தாளுக்கு” என்றாள். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது ஏற்கெனவே வேறு ஆளுக்குப் போய்விட்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்கு இருந்த பதினோரு புறாவையும் கொண்டுபோனேன். ரசம் வைக்க வாங்குகிறவன் கேட்ட விலைக்கே கொடுத்தேன். இருபத்தெட்டு ரூபாய். விலையை உள்ளபடி சொல்லி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதில் ஒரு பெட்டைக்குட்டி வாங்கி மறுபடி முதலிலிருந்து தழை ஒடிக்க ஆரம்பித்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் வெயில் நேரத்தில் என் கூட்டாளி எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

“என்ன பங்காளி, ஞாயித்துக்கெழமை வர்றதே இல்ல? கோவமா இன்னும்?”

நான் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

“அட, புறாவுக்குப் போயி!” என்றான். அதற்கும் நான் பேசாததால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான். “தங்கச்சி, தண்ணி கொஞ்சம் கொடும்மா.”

எங்கள் பக்கம் வெட்டுப்பழி உள்ளவன் வாசலுக்கு வந்தாலும் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். என் மனைவி கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். பானை அவளுக்குக் கையெட்டும் தூரம். அவள் வளையல் சத்தம் கேட்டது.

அவள் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு சைக்கிளைத் திருப்பினான்.