புளித்த மண்

எழுபதுகளில் சாரம் என்ற ஊரில் வீடு கட்டியபோது, மண்சுவருக்கு நானே மண் பூசினேன். களிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, மிதித்து, புளிக்கும்வரை ஊற வைத்தேன். புளித்த மண்தான் வெடிக்காமல் பிடிக்கும்.

பொதுச்சுவரின் மறுபக்கம் என் கொழுந்தன் வீடு. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாத்தம் தாங்கல அண்ணி. நான் சிமெண்ட் பூசிக்கிறேன்" என்றான்.

"உள்ள ஏறுற ஈரம் எப்படிடா வெளிய போவும்?" என்றேன். சிரித்தான்.

ஐப்பசி மழையில் சுவர் ஈரம் குடித்தது. வெயில் வந்ததும் என் பக்கம் காய்ந்துவிட்டது. அவன் பக்கத்து சிமெண்ட் அப்பளமாய் உப்பி, பாளம் பாளமாய் விழுந்தது.

மறுநாள் வந்து நின்றான். "அண்ணி, எனக்கும் கொஞ்சம் மண்ணு ஊறப் போடுறீங்களா?"

"போடறேன். மிதிக்க நீதான் வரணும். மூக்க வீட்டுலயே வெச்சிட்டு வா."