மரகதம் தேர்ந்தெடுத்த மீன்வால் பலகை

பத்தாம் வகுப்புக்கு மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் மேற்பார்வையில் இருந்தேன். கைப்பேசியைத் தொடக்கூடாது என்பது விதி. மேசைமேல் அது மூன்று முறை அதிர்ந்ததும் எடுத்துப் பார்த்துவிட்டேன். மரகதத்தின் கணவர் செல்வம் எழுதியிருந்தார்: "காலையில போயிட்டா." விடைத்தாள்களை வாங்கி, எண்ணி, கட்டி, அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

புனேயை அடுத்த லோஹேகாவில் எங்கள் பள்ளியில் மரகதம் பதினொரு ஆண்டுகள் நூலகராக இருந்தார். இரங்கல் கூட்டத்தில் சக ஆசிரியர்களான நீங்கள் சொன்னவற்றையெல்லாம் கேட்டேன். பொறுமைசாலி என்றீர்கள், சிரித்த முகம் என்றீர்கள், தமிழ் எழுத்தே தெரியாத நம் பிள்ளைகளைத் தமிழ்க் கதை கேட்க உட்கார வைத்தவர் என்றீர்கள். எல்லாம் உண்மை. நான் மட்டும் ஒன்றும் பேசாமல் கடைசி வரிசையில் இருந்தேன். எனக்கு அவர்மேல் இருந்தது பொறாமை. அதை ஒதுக்கிவிட்டு அவரைப் பற்றி ஒரு வரிகூட என்னால் உண்மையாக எழுத முடியாது.

நான் கணக்கு டீச்சர். கல்லூரியில் நீச்சலில் பதக்கங்கள் வாங்கியவள். மரகதம் நாற்பத்து மூன்று வயதில் நீச்சல் கற்றவர். குட்டையான, பருத்த உடம்பு. பள்ளி ஆசிரியர்கள் ஒருமுறை கொங்கண் கடற்கரைக்குச் சுற்றுலா போனபோது, அங்கே பலகைமேல் நின்று அலையில் வழுக்கும் அலைச்சறுக்கு கற்றுத் தந்தார்கள். இருவரும் விளையாட்டாக இறங்கினோம். அதன்பின் மூன்று குளிர்காலங்கள், மாதம் ஒரு சனிக்கிழமை, விடியும் முன்பே என் காரில் தாம்ஹிணி மலைப்பாதை வழியாகக் கிளம்பிவிடுவோம். வாடகைக்குத் தரும் மெத்தென்ற பயிற்சிப் பலகைகளில் விழுந்து எழுந்தோம். பிறகு சொந்தமாக ஆளுக்கொன்று வாங்குவது என்று முடிவு செய்தோம்.

அந்தக் கடற்கரை ஊரில் ஒருவர் பழைய பலகைகள் விற்றார். அவருடைய கொட்டகையில் அன்று இரண்டு இருந்தன. ஒன்று வெள்ளை வெளேரென்று மெலிந்து, மூக்கு கூராக, முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருந்தது. பந்தயக்காரர்கள் வைத்திருப்பதைப் போல. மற்றது குட்டை, அகலம், தடிமன். வால் மீனுக்கு இருப்பதுபோல் இரண்டாகப் பிளந்திருந்தது. அடியில் வழக்கமான மூன்றுக்குப் பதிலாக இரண்டே சிறு மீன்துடுப்புகள். மங்கிய கடுகு நிறம். "இதற்கு ஃபிஷ் என்று பெயர், அந்தக் கால வடிவம், இப்போது மறுபடியும் எல்லோரும் கேட்கிறார்கள்" என்றார் விற்பவர்.

நான் வெள்ளையின்மேல் கை வைத்துவிட்டேன். மரகதம் பலகைகளைப் பார்க்கவே இல்லை. விற்பவரிடம் தன் உடைந்த இந்தியில், இந்தக் கடலில் இடுப்புக்கு மேலே அலை எத்தனை நாள் வரும் என்று கேட்டார். மழைக்காலத்தை விட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்ற நாளெல்லாம் முழங்கால் அலைதான் என்றார் அவர்.

"கேட்டீங்களா டீச்சர்? நம்மளுக்கு வர்றது முழங்கால் அலை. அதுக்குத்தான பலகை வாங்கோணும்? வீடியோவுல வர்ற அலைக்கு வாங்கி என்ன பண்றதுங்?"

"அது பாக்க இஸ்திரி போடற பலகை மாதிரி இருக்கு, மரகதம்."

"இருக்கட்டுமுங். ஏறி நிக்கத்தான போறோம்."

மார்பு படும் இடத்தில் தடிமன் போதுமா என்று இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். எங்காவது மெத்தென்று அமுங்குகிறதா என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். தரையில் குப்புற வைத்து, குனிந்து, அடிப்பாகம் எவ்வளவு தட்டை என்று பார்த்தார். வளைவு குறைந்தால் சின்ன அலையிலும் வேகம் குறையாது, அகலம் கூடினால் தண்ணீர் தாங்கும் என்று எனக்கு விளக்கினார். எல்லாம் நூலகத்தில் மதிய வேளையில் தேடிப் படித்தது. அவர் எனக்குப் பாடம் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் மீன்வாலை வாங்கினார், நான் வெள்ளையையே வாங்கினேன்.

கடல் யார் சொன்னது சரி என்று அன்றைக்கே காட்டிவிட்டது. என் பலகை என்னைச் சுமந்தபடி பாதி அமிழ்ந்தே கிடந்தது. குப்புறப் படுத்து எவ்வளவு கைபோட்டாலும் அந்தச் சோம்பல் அலைகள் என்னை விட்டுவிட்டு அடியில் கடந்து போயின. மரகதம் நான்கு முறை கைபோட்டார், எழுந்தார், முழங்காலுயர அலை ஒன்றின்மேல் கரைவரை வழுக்கிக்கொண்டே போனார். கரையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். திரும்பும் வழியில் தலைவலி என்று சொல்லி, லோஹேகாவ் வரும்வரை சாலையையே பார்த்து ஓட்டினேன்.

இரண்டு குளிர்காலங்கள் இப்படியே போயின. பலகையை மாற்றியிருக்கலாம். மாற்றினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஒருநாள் அவருடைய பலகையைக் காரிலிருந்து இறக்கும்போது, துடுப்பின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசலைக் கண்டேன். பசை வைத்தால் போதும் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது வேறு.

"தண்ணி உள்ள இறங்கியிருக்கும், மரகதம். இனிமே தேறாது. வந்த விலைக்குக் குடுத்துடுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. யாராவது தெரிந்தவரை அனுப்பி அதை நானே வாங்கிவிடலாம் என்பதுவரை மனத்துக்குள் திட்டம் போட்டிருந்தேன்.

அவர் விற்கவில்லை. ஒரு வாரம் வெயிலில் உலர்த்தி, தளேகாவில் ஃபைபர் வேலை செய்யும் பட்டறை ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கே கொடுத்து அடைத்து வாங்கிவந்தார். "நல்ல வேளை பாத்துச் சொன்னீங்க டீச்சர். இன்னும் நாலு மாசம் போயிருந்தா மெய்யாலுமே ஊறியிருக்குமாம்" என்று என் மேசையில் ஒரு டப்பா நிறைய முறுக்கு வைத்துவிட்டுப் போனார். அந்த முறுக்கை என்னால் தின்ன முடியவில்லை. நான் செய்த கெடுதலுக்கும் நன்றி வாங்கிக்கொண்டேனே என்று அவர்மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த மழை ஓய்ந்தபோது அவருக்குக் கணையத்தில் நோய் என்று தெரிந்தது. கடலுக்குப் போவது நின்றது. ஒருநாள் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது, அந்த விரிசலைப் பற்றி நான் சொன்னது பொய் என்பதை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் சிரித்து மன்னித்துவிடுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்த ஒரு வாரம் நான் ஒழுங்காச் சோறு திங்கல டீச்சர். அதுக்குப் பொறவு நாம பலகையும் கையுமா எத்தனை தடவ சேந்து போனோம். அப்பெல்லாம் சொல்லாம, இப்பச் சொல்றீங்களே" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். செல்வம் சார் கொண்டுவந்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

மூன்று வாரம் நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. நாலாவது வாரம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கோவாவில் யாரோ விற்கும் பலகை. மீன்வால், இரண்டு துடுப்பு, நீல நிறம். கீழே எழுதியிருந்தார்: "நீங்க என்னைவிட ஒயரம். பலகை ஆறடிக்கு மேல ரெண்டு இஞ்ச் இருக்கோணும். அகலத்தைக் கொறைக்காதீங்க. கோவம் இன்னும் இருக்குது. ஆனா அந்த வெள்ளைப் பலகையோட நீங்க மல்லுக்கட்டறத நெனச்சாப் பொறுக்கல."

வரவழைத்தேன். அவர் வீட்டுக்கே எடுத்துப்போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மெலிந்துபோன விரலால் வால்வரை ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார். "நல்லாருக்குதுங்" என்றார். எங்களுக்குள் அதற்குமேல் சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. அடுத்த மாதம் அவர் இறந்தார்.

காரியம் முடிந்த பின் ஒரு சனிக்கிழமை தனியாகப் போனேன். முழங்கால் அலைதான். மூன்றாவது அலையில் பலகை என்னைத் தூக்கிக்கொண்டது. எழுந்து நின்றேன். ஒரு பேருந்து நீளம் போயிருப்பேன். இத்தனை ஆண்டுகளில் முதல்முறை. விழுந்து எழுந்து கண்ணைத் துடைத்தபோது, மரகதமாக இருந்தால் கரைவரை போயிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது.

அவர் எனக்காகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நீலப் பலகை என்னிடம் இருக்கிறது. கோபம் இன்னும் இருக்கிறது என்று அவர் எழுதிய செய்தியையும் நான் அழிக்கவில்லை. பொறாமையும் என்னோடுதான் இருக்கிறது. அவ்வளவு தூரம் ஒரு நாளாவது நானும் போக வேண்டும்.