தனகோட்டியின் அவரைப் பந்தல்

தனகோட்டிக்குக் கவலைப்படக் காரணமே வேண்டாம். உலை கொதித்தால் பொங்கி வழியுமோ என்று கவலை. கொதிக்காவிட்டால் விறகு ஈரமோ என்று கவலை. தொண்டூரிலிருந்து செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலே அப்படித்தான். பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு சின்னப்பொண்ணு பிறந்தாளா, அப்புறம் கேட்கவே வேண்டாம். பிள்ளை தும்மினால் தாய்க்குக் காய்ச்சல் வந்துவிடும்.

பிள்ளை தளிர்நடை போடத் தொடங்கிய மார்கழியில், வீட்டுக்குப் பின்னால் இருந்த அவரைப் பந்தலில் பேன் விழுந்தது. ஆபீஸ்காரர்கள் அசுவினி என்பார்களே, அந்தக் கறுப்புப் பூச்சிதான். கொழுந்து, பூங்கொத்து ஒன்று விடாமல் அப்பிக்கொண்டு சாறு குடித்தது. இலைகள் சுருண்டு பிசுபிசுத்தன.

கணவன் ராஜாங்கம் எங்கேயோ விசாரித்து, ஒரு தகர டப்பா நிறைய வெள்ளை மருந்துப் பொடி வாங்கிவந்தான்.

"இத்தத் தூவு. ஒண்ணு கூட மிஞ்சாது."

"புள்ள அங்கதான விளையாடுது. வாயில வச்சிட்டா இன்னாங்க செய்யிறது?"

"உள்ள வச்சிப் பாத்துக்கோ. பயப்படறதுக்கு உனக்கு ஒரு சாக்கு வேணும்!"

சாக்கு இல்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுக் கலியபெருமாள் கத்தரிச் செடிக்கு இதே மாதிரிப் பொடி போட்டார். மறுநாள் வேலியோரம் அவருடைய கோழிகள் கால் விறைத்துக் கிடந்ததைத் தனகோட்டி கண்ணால் பார்த்தாள். கோழியாவது பொறுக்கித் தின்னும். இவள் பெண்ணோ மண், இலை, சருகு என்று கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குள்தான்.

டப்பாவைத் தொடாமல் அடுப்புச் சாம்பலைச் சலித்து, விடியலில் பனி ஈரம் காயுமுன் இலைகளில் தூவினாள். பேன் கொஞ்சம் உதிர்ந்தது. அப்போதுதான் பேன் கூட்டத்துக்கு நடுவே வேறொன்று தென்பட்டது. கறுத்த முரட்டு உடம்பு, ஆறு கால், முதுகில் மஞ்சள் புள்ளி. இதுதான் தாய்ப்பூச்சி, இதுதான் ஈன்று தள்ளுகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். கைக்கு எட்டிய இடமெல்லாம் தேடித் தேடி நசுக்கினாள். நசுக்க நசுக்கப் பேன் பெருகியது.

தை அமாவாசைக்கு ராஜாங்கம் மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பினான். வாசலில் நின்று கண்டிப்பாகச் சொன்னான்.

"நான் திரும்பி வரும்போது மருந்து போட்டிருக்கணும், ஆமா."

அவன் போனதும் டப்பாவை எடுத்துவந்து மூடியைத் திறந்தாள். நெடி மூக்கில் ஏறியது. எந்தப் பக்கம் தொடங்குவது என்று தலையை உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். முள்வேலிக்கு மேல் படர்ந்திருந்த கொடிகளை முள்ளுக்குப் பயந்து அவள் தொட்டதே இல்லை, சாம்பலும் போகவில்லை. அங்கே இலை விரிந்து பூ பூத்திருந்தது. ஒரு கொடியை இழுத்துப் பார்த்தாள். அங்கேயும் அந்த முரட்டுப் பூச்சிகள்தான். அவற்றில் ஒன்று, பேனை வாயில் கவ்வித் தின்றுகொண்டிருந்தது.

காவலுக்கு வந்ததையா இத்தனை நாள் கொன்றோம்?

டப்பாவை இறுக மூடிப் பரண்மேல் வைத்தாள். முள் கீறக் கீற, பூச்சியிருந்த கொடித் துண்டுகளை ஒடித்துவந்து இந்தப் பக்கத்துக் கொழுந்துகளில் செருகினாள். ஆனால் ஒரே நாளில் இவை எவ்வளவைத் தின்றுவிடும்? அவர் வந்தால் என்ன சொல்வார்? அவரே மருந்தைத் தூவிவிட்டால்? அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டிறங்கிய ராஜாங்கம் குங்குமப் பொட்டலத்தோடு நேரே கொல்லைக்கு வந்தான். பந்தலில் இலையெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. கீழே சின்னப்பொண்ணு உட்கார்ந்து ஒரு பிஞ்சு அவரைக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பொட்டலம் எங்கே விழுந்தது என்று அவனுக்கே தெரியாது.

"ஐயோ, துப்புடி! நைனா சொல்றன் இல்ல, துப்புடி கண்ணு!"

பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினான். அவள் வீல் என்று அலறினாள். தனகோட்டி ஓடிவந்தாள்.

"தண்ணி கொண்டா! மருந்து போட்ட எடத்துல புள்ளைய வுட்டுட்டு எங்கடி போன?"

"அது முன்ன தூவுன சாம்பல்ங்க. நான் மருந்து போடல."

ராஜாங்கம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். தனகோட்டி முரட்டுப் பூச்சியைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவன் காதில் ஏறவில்லை.

"டப்பா எங்க?"

"பரண்மேல."

"அங்க வாணாம். புள்ள ஏறிடுவா."

நேற்றுதான் நடக்கப் பழகிய பிள்ளை. தனகோட்டி சிரிக்கவில்லை. போய் ஏணியை எடுத்துவந்தாள்.